பிடுங்கப்பட்ட நான்கு முளைகள்

அனுப்புநர்:
பொன்னையா மீனம்மா,
மூன்றாம் வாய்க்கால், வெள்ளெருக்கங்குளம்.

பெறுநர்:
கல்விப் பணிப்பாளர் அவர்கள்.

விடயம்: என் பேத்தி நிரோஜாவின் விளையாட்டுப் பயிற்சி அறிக்கையில் எழுதப்பட்ட பொய்யை நீக்குதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. 05.03.1994 அன்று எங்கள் பாடசாலை மைதானத்தில் நின்றவர்கள்: விளையாட்டு அதிகாரி பரமலிங்கம், அதிபர் சிற்றம்பலம், கணித ஆசிரியரும் என் தங்கை மகனுமான கணபதி, ஓட வந்த நான்கு பெண்பிள்ளைகள், பயிற்சிக்கு விடப்பட்ட நிரோஜா, வேலியோரம் நான். பிரதம விருந்தினர் கதிரையில் தாங்கள். சோடா குடித்துக்கொண்டிருந்தபடியால் நடந்ததைக் கவனித்திருக்கமாட்டீர்கள்.

2. நிரோஜா விளையாட்டு ஆசிரியையாக வரப் படிப்பவள். முதல் மாதம் கனகராயன்குளத்தில் இரஞ்சிதம் ரீச்சரிடம் பயிற்சி. இரண்டு வருடம் புத்தகம் படித்தும் கைக்கு வராததை அவர் ஒரு மாதத்தில் வரப்பண்ணினார்: ஓடுபாதை அளக்க, பிசகிய காலுக்குக் கட்டுப்போட, பயந்த பிள்ளையை ஓடவைக்க. அடுத்த இரண்டு மாதம் பரமலிங்கத்திடம். அவர் பழக்கியது தன் விசிலைச் சுடுதண்ணீரில் கழுவித் தருவதற்கு.

3. போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் நிரோஜாவும் கணபதியும் நாடாவின் இரு நுனியையும் பிடித்து அளந்து, ஒரு சுற்று ஓட்டத்துக்கு ஒருத்திக்கு முன்னால் ஒருத்தி நிற்கும்படி நான்கு முளை அடித்தார்கள். மறுநாள் அதிகாரி வந்து, "உதென்ன, வெளியிலை நிக்கிறவளுக்கு மட்டும் சலுகையோ? எல்லாரையும் ஒரே கோட்டிலை விடு" என்று முளைகளைத் தன் கையாலேயே பிடுங்கினார். நிரோஜா வாய் திறக்க, "நீ பழக வந்தனியோ, எனக்குப் பழக்க வந்தனியோ?" என்றார்.

4. வெளிப்பாதையில் விடப்பட்ட தனுஷா மற்றவர்களைவிட இருபத்திரண்டு மீற்றர் கூடுதலாக ஓடிக் கடைசியாக வந்தாள். நான் படித்தது நாலாம் வகுப்பு. நெற்கதிர்ச் சூடு மிதிக்கும் களத்தில் கிழட்டு மாட்டை உள்ளுக்கும் வலிய மாட்டை வெளியிலும் ஏன் கட்டுகிறோம் என்று எனக்குத் தெரியும். மாட்டுக்கும் தெரியும். தங்கள் அதிகாரிக்குத் தெரியவில்லை.

5. தனுஷாவின் தாய் சண்டைக்கு வந்தவுடன் அதிகாரி தன் பிழையை நிரோஜாவின் தலையில் போட்டு, "பாதை அளக்கத் தெரியாது" என்று அறிக்கை எழுதினார். ஏப்ரல் 6ஆம் திகதி நேர்முகத்துக்கு இதைக் கொண்டுபோனால் பிள்ளைக்கு வேலை இல்லை.

6. ஆகையால் தாங்கள் நாடாவுடன் வந்து, தங்கள் கண்முன்னால் அவளை அளக்கவிட்டு, அந்த வரியை வெட்டித்தர வேண்டும். பிந்தினால் தங்கள் கந்தோர் வாசலில் வந்து இருப்பேன். எனக்கு வேறு அலுவல் இல்லை.

7. பரமலிங்கம் ஒன்றும் தெரியாதவர். அவரில் கோபப்படுவதே அவருக்குப் பெரிய மரியாதை. ஆனால் அதிபர் விசாரித்தபோது, நாடாவின் மறுநுனியைப் பிடித்தவர் "எனக்கு உந்த விளையாட்டு அலுவல் ஒண்டும் தெரியாது" என்று நிலத்தைப் பார்த்தார். என் வீட்டுச் சோற்றைத் தின்று கணக்குப் படித்தவர். அவரை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். பெயரைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

வெள்ளெருக்கங்குளம்,
21.03.1994

பொ. மீனம்மா
(கையொப்பம்)

கணபதி.