பாமர் என்ற பெயர் யாருடையது, டாடி?

என் பிரிய டாடிக்கு,

நீங்கள் போன பிறகு நம் வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரம்மா வந்திருந்தார். பெயர் மார்கரெட் பாமர். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் உங்கள் கல்லறையை யாரோ படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்த பாமர் என்ற நம் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து சிட்லபாக்கம் வரை வந்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்த சந்தேகம் வீட்டைப் பற்றித்தான். ஏரிப் பக்கத்து மனை இன்று விற்கிற விலை உங்களுக்குத் தெரியாது. உங்கள் மாப்பிள்ளை வேறு போனில் பயமுறுத்தினார். "லண்டன்லேர்ந்து ஒருத்தங்க சும்மா சொந்தம் கொண்டாட வருவாங்களா ஷீலா? எதுலயும் கையெழுத்து போட்டுடாத."

அதனால் அவரை ஹாலில் தனியாக விடவில்லை. காபிகூட அம்மாவைத்தான் போடச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தாலும் சுவரைப் பார்த்தாலும் அளவெடுப்பதாகவே பட்டது.

அவர் பேசியதெல்லாம் பெயரைப் பற்றித்தான். அந்தக் காலத்தில் ஜெருசலேமுக்கு யாத்திரை போய், போனதற்கு அடையாளமாக 'பாம்' எனும் குருத்தோலையோடு திரும்பியவரைத்தான் பாமர் என்பார்களாம். சின்ன வயதில் நீங்கள் எனக்குச் சொன்ன அதே கதை. "போகாமலே ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஓசியில் சாப்பிட்டவர்களும் உண்டு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். இதை நீங்கள் சொன்னதில்லையே?

கிளம்பும்முன் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை மேஜைமேல் வைத்தார். அதில் எச்சில் துப்பிக் கொடுத்தால், நாம் ஒரே ரத்தமா என்று சோதித்துச் சொல்லிவிடுவார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டைச் சாத்திவிட்டு வந்தால் அம்மா குழாயையே பார்த்தபடி நின்றிருந்தார்.

"இதுல துப்பிக் குடுக்காதடி."

"ஏம்மா?"

குழாயை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். அப்புறம்தான் வந்தது. "உங்க டாடியோட பாட்டி அந்த பாமர் துரை வீட்ல சமையல் பண்ணவங்க. கைக்குழந்தையோட இருந்தாங்க. துரை ஊருக்குத் திரும்பறப்போ, பையனுக்கு என் பேரையே வெச்சுக்கோ, ரயில்வேல வேலை கிடைக்கும்னு சொல்லிட்டுக் கப்பல் ஏறிட்டாராம். அந்தப் பையன்தான் உங்க தாத்தா."

"துரையோட பிள்ளையாம்மா?"

"அந்தம்மா யார்கிட்டயும் சொல்லல. உங்க டாடியும் கேக்கல."

அந்த நிமிடத்தில் என் சந்தேகமெல்லாம் மார்கரெட்டை விட்டு உங்கள்மேல் திரும்பிவிட்டது. அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறீர்களாம். எனக்கு மட்டும் ஏன் ஜெருசலேம் கதை? பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! தெரிந்தால் நான் உங்களைக் குறைவாக நினைப்பேன் என்றா? அல்லது என்னையே குறைவாக நினைத்துக்கொள்வேன் என்றா?

மார்கரெட் மறுபடி வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழாயை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்கள் எங்கள் சொத்தில் பங்கு கேட்பீர்கள், ஜாக்கிரதை என்று என் அண்ணன் சொல்லி அனுப்பினான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வருவதற்கு முன் நான் வீட்டுப் பத்திரத்தை ஒளித்துவைத்ததைச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

அப்புறம் அவர் குரல் இறங்கிவிட்டது. "ரத்தம் ஒத்துப்போகவில்லை என்றால் என் கொள்ளுத்தாத்தா, யாரோ ஒரு குழந்தைக்குத் தன் பெயரைக் கொடுத்த நல்ல மனிதர். ஒத்துப்போனால், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போனவர். இந்தச் சோதனைக்கு உங்களைவிட எனக்குத்தான் பயமாக இருக்கிறது."

அதைக் கேட்ட பிறகுதான் குழாயை எடுத்தேன். அம்மா தடுக்கவில்லை.

போன வாரம் மார்கரெட் கூப்பிட்டார். ஒத்துப்போகிறது டாடி. நாம் பாமர்தான். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் அவர் அழுதுகொண்டிருந்தார். "அந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அந்த மனிதரின் பெயரையே குடைந்துகொண்டிருந்த எனக்கு, அவளுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும் என்று தோன்றவே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "அஞ்சலை" என்றார்.

அதிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. துரை வீட்டுச் சமையலறையில் அஞ்சலையிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா? முடியாது என்று அவளால் சொல்லியிருக்க முடியுமா? இதை எந்தக் குழாயும் சொல்லாது. உங்களுக்கும் இதே சந்தேகம் இருந்ததா? அதனால்தான் கேட்காமலே இருந்துவிட்டீர்களா?

இனி உங்களைத் துளைக்க மாட்டேன். ஆனால் உங்கள் கல்லில் ஒரு வரி சேர்க்கப்போகிறேன். கல் வெட்டுகிறவரிடம் பேசியாயிற்று. பாமர் என்ற பெயர் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். அதன் கீழே, அதே அளவு எழுத்தில், தமிழில், அவள் பெயர் இருக்கும். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

அஞ்சலையின் கொள்ளுப்பேத்தி,
உங்கள் மகள்,
ஷீலா