அரிசி டப்பாவில் கிடந்த பிலிம்

ஏற்காடு
12.6.1996

அன்பு மகள் காவேரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம், நாக்பூர் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்களோ என்று எந்நேரமும் அதே நினைப்புதான். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. இங்கே சாரல் பிடித்துவிட்டது, பின்பக்கத்து ஆரஞ்சு மரம் சாய்ந்துவிட்டது. இப்படி எதையாவது எழுதி எழுதி மூன்று நாளாகத் தாளைக் கிழித்துப் போடுகிறேன், எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை கண்ணு. அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கிக் கொடுத்தாள். உள்ளே அரிசி பூச்சி அரித்து மாவாகிக் கிடந்தது, அதற்குள் ஒரு பிலிம் சுருள். மலை மூட்டத்துக்குப் பூசணம் பிடிக்கும் என்று, எடுத்து முடித்த பிலிமை அரிசிக்குள் புதைத்து வைப்பேனே, நினைவிருக்கும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அல்லவா, எதையும் எழுதி ஒட்டாமல் வைக்கமாட்டேன். சுருளின் டப்பி மூடியில் என் கையெழுத்திலேயே இருந்தது, சேர்வராயன் கோயில் திருவிழா, மே 1975 என்று.

அந்தத் திருவிழாப் பிலிமைத்தான் நீ கேமராவைத் திறந்து கெடுத்துவிட்டாய் என்று உன்னைப் பெல்ட்டால் அடித்தேன். ஏழு வயசு உனக்கு. திருவிழாச் சுருளை நான் முன்பே கழற்றி அரிசியில் வைத்து மறந்திருக்கிறேன், நீ திறந்தபோது உள்ளே இருந்தது நான் புதிதாகப் போட்ட சுருள், ஒரு படம்கூட எடுக்காதது. கையில் எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், பிடுங்கித் தூக்கி எறிந்தேன்.

அடித்ததோடு விட்டேனா. அந்த ஐப்பசியில் மாரமங்கலம் மாதப்பனின் சம்சாரம் ராசம்மாள் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள், நம் எஸ்டேட்டில் மிளகு பறித்தவள். திருவிழாவில் கைக்குழந்தையோடு நிற்க வைத்து நான் எடுத்ததுதான் அவளுடைய ஒரே படம். மாலை போட்டுக் கும்பிட அதைக் கேட்டு மாதப்பன் வந்தபோது, என் மகள் கெடுத்துவிட்டாள் என்று சொல்லி, ஆட்களெல்லாம் பார்க்க உன்னை இழுத்துவந்து அவர் காலில் விழவைத்தேன். அவர் பதறிப்போய், "கொழந்தை தெரியாமப் பண்ணீருச்சுங்க, வுடுங்க" என்று தூக்கி நிறுத்தினார். அப்புறம் அவர் தலை தெரிந்தாலே நீ அடுப்படிக்குள் ஒளிந்துகொள்வாய், நான் அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சேலத்தில் கழுவக் கொடுத்தேன், இத்தனை வருஷம் ஆனது வராது என்றார்கள், நாலு படம் மங்கலாக வந்தது. ஒன்றில் ராசம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்து நிற்கிறாள், அவள் முந்தானையைப் பிடித்தபடி நீ முன்பல் இல்லாமல் சிரிக்கிறாய். ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறி மாரமங்கலம் போனேன். அந்தக் கைக்குழந்தை சின்னத்தாயிக்கே இப்போது ஒரு குழந்தை. அம்மாவின் முகம் தெரியாமல் வளர்ந்தவள், படத்தை வாங்கி, "எங்கம்மாளுக்கும் என்னையாட்டவே மூக்குங்களா" என்று கேட்டாள். நடந்ததையெல்லாம் சொல்லி மாதப்பனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் திட்டவில்லை. "இதைய மொதல்ல அந்தக் கண்ணுகிட்டச் சொல்லீட்டீங்களா" என்றார். இன்னும் இல்லை என்றேன். "எங்கிட்ட அப்பறம் வந்திருக்கலாமுங்களே" என்றார்.

சொல்லிவிட்டேன் கண்ணு. கெடுத்தது நீ இல்லை. போன கடிதத்தில் நீ, குழந்தை படமெல்லாம் உங்கள் மாப்பிள்ளைதான் எடுத்தார், எனக்கு அதெல்லாம் கைராசி இல்லை அப்பா என்று எழுதியிருந்தாய். அதை நான் சாதாரணமாகப் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

குழந்தைக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே, மாப்பிள்ளையை வெயிலில் அலையவிடாதே. ஆடிக்கு வரும்போது கேமராவில் பிலிம் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன், மறக்காதே. மாரமங்கலம் போய், மாதப்பன் எதிரிலேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தடுக்காதே. அதன்பிறகு சின்னத்தாயியையும் அவள் குழந்தையையும் நிற்க வைத்து நீதான் படம் எடுக்க வேண்டும். ஆசீர்வாதம் என்று எழுதக் கூசுகிறது, ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் சாமி.

உன்னை அடித்த அப்பா,
வெங்கடாசலம்