அப்பாவின் சொத்துக்கு ஒரு எண்

அக்டோபர் 30, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக எதையும் விட மாட்டேன். அழகாக இருக்கிறது என்பதற்காக எதையும் சேர்க்கவும் மாட்டேன்.

என் பெயர் கொரீன் சிமானெக். ஒன்பதாம் வகுப்பு. அப்பா இறந்து எட்டு வாரம் ஆகிறது. இதயம். பட்டறைக் கொட்டகையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. செப்டம்பர் மூன்று என்று சான்றிதழில் இருக்கிறது.

அவர் ஏப்ரலில் விதைத்த மக்காச்சோளம் இன்னும் வயலில் நிற்கிறது. சாயங்காலம் பக்கத்துப் பண்ணை மைலோ ஹ்ரூபி வந்தார். தொப்பியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அம்மாவிடம் பேசினார்.

"நவம்பர் பத்து, சனிக்கிழமை. ஒம்பது அறுப்பு மெஷின் வருது ஜெனெல். ஒரே நாள்ல முடிச்சிருவோம். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், வர்றவங்க வயித்துக்கு மட்டும் பாத்துக்க."

"உங்க சோளமே இன்னும் பாதி நிக்குதே மைலோ."

"அது நிக்கும். என்னை மாதிரி, லேசுல விழாது."

அம்மா சிரித்தாள். எட்டு வாரத்தில் இரண்டாவது முறை.

நவம்பர் 2, வெள்ளி

வடக்கு வரப்போரம் நான்கு வரிசை சாய்ந்துவிட்டது. தண்டை விரலால் அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பொக்கு.

நவம்பர் 5, திங்கள்

பள்ளி முடிந்ததும் அம்மா என்னை ஏற்றிக்கொண்டு கூட்டுறவுத் தானியக் கிடங்குக்குப் போனாள். சனிக்கிழமை லாரிகள் வரும் என்று சொல்லி வைக்கத்தான். எடை மேடை அலுவலகத்தில் பெவ் இருந்தாள். பெவ்வும் அம்மாவும் ஒன்றாகப் படித்தவர்கள்.

பெவ் கணினியைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "ஜெனெல், லைல் கணக்கை மேலாபீஸ்ல பூட்டிட்டாங்கடி. செத்தவங்க பேர்ல எடைச் சீட்டு அடிக்க முடியாது. 'காலஞ்சென்ற லைல் சிமானெக் சொத்து'ன்னு புதுசா கணக்குத் திறக்கணும். அதுக்கு அந்தச் சொத்துக்குன்னு தனியா ஒரு வரி எண் வேணும்."

"என் பேர்ல போடேன்."

"கோர்ட்டு உன்னை நிர்வாகியாத்தான் போட்டிருக்கு. சோளம் உன்னோடது இல்ல, சொத்தோடது. மைலோ பேர்ல போட்டா அது மைலோ சோளம் ஆயிடும். அப்புறம் ஜட்ஜுக்கு யார் பதில் சொல்றது?"

"சீட்டு இல்லாம லாரி வந்தா?"

பெவ் ஜன்னலைப் பார்த்தாள். "திருப்பித்தான் அனுப்பணும். என் வேலை போயிடும்டி."

எங்கள் இரும்புக் குதிரின் கூரை ஜூன் மாதப் புயலில் போய்விட்டது. வேறு எங்கும் கொட்ட இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை பனி விழும் என்கிறது வானொலி. மைலோவும் மற்றவர்களும் கொடுக்க முடிந்தது ஒரு நாள்தான். ஆக, வெள்ளிக்கிழமைக்குள் அந்த எண் வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் கடைசிப் பயிர் பனிக்கடியில்.

நவம்பர் 6, செவ்வாய்

மதிய உணவு நேரத்தில் வரித்துறையின் வழிமுறைகள் முழுவதையும் படித்தேன். இணையத்திலேயே வாங்கலாம், உடனே கிடைத்துவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை, எங்கள் நேரப்படி காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரைதான் திறந்திருக்கும். ஒரு பொறுப்பாளருக்கு ஒரு நாளில் ஒரு எண் மட்டும். பதினைந்து நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் பக்கம் செத்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அம்மாவிடம் ஒப்பித்தேன். முதியோர் இல்லத்தில் சலவை வேலை முடித்து வந்து சோபாவில் கிடந்தாள். "நாளைக்கு நீயே நிரப்பி வைடி. அமுக்குறதுக்கு முன்னாடி என்னை எழுப்பு. சத்தியம் பண்ற இடம் இருக்காமே, அதை நான்தான் பண்ணணும்."

நவம்பர் 7, புதன்

கிடைத்துவிட்டது! ஒன்பது இலக்கம். கடிதத்தை அச்செடுத்து அம்மாவின் தட்டுக்கு அடியில் வைத்தேன்.

(உண்மையை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா. அம்மாவை நான் எழுப்பவில்லை. நன்றாகத் தூங்கினாள், வாய் திறந்திருந்தது. 'நான் ஜெனெல் சிமானெக், எனக்குத் தெரிந்தவரை இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று உறுதி கூறுகிறேன்' என்ற இடத்தில் நானே அமுக்கினேன். அவள் கேட்டபோது, "அது தானா போயிடுச்சும்மா" என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன்?)

நவம்பர் 8, வியாழன்

தவறான எண்.

அம்மா மூன்று மணிக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போயிருக்கிறாள். பெவ் இரண்டு முறை படித்தாளாம். "ஜெனெல், இது நீ புதுசா ஒரு பண்ணை தொடங்கியிருக்கேன்னு சொல்லுது. உரிமையாளர் நீ. சொத்துன்னு ஒரு வார்த்தை இல்ல. இந்தச் சோளம் லைல் விதைச்சது."

என் தப்புதான். 'எந்த வகை' என்ற கேள்வியில் இறந்தவரின் சொத்து என்று ஒன்று இருந்தது. நான் பண்ணைத் தொழிலைத் தேர்ந்தேன். அப்பாதானே இறந்தார், பண்ணை இறக்கவில்லையே என்று நினைத்தேன். எத்தனை புத்தகம் படித்து என்ன!

அம்மா திட்டவில்லை. "என்னைத்தான் சொல்லணும். நான் படிச்சுப் பார்த்து அமுக்கியிருக்கணும். தானா எப்படிடி போச்சு?" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏழு மணிக்கு அம்மாவே கணினி முன் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று படித்தேன். சரியான வகை. சரியான பெயர். அவளே நிர்வாகி. எல்லாம் சரியாகப் போனது, இறந்த தேதி கேட்கும் வரை.

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"மூணும்மா. செப்டம்பர் மூணு."

"தெரியும்."

எழுந்து வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டாள். நான் ஏதாவது தட்டிப் பக்கத்தை உயிரோடு வைத்திருக்கலாமா என்று யோசித்தேன், பயமாக இருந்தது, தொடவில்லை. பக்கம் செத்தது. மறுபடி அழைத்து வந்தேன். மறுபடி அதே இடம். "காலைல பார்க்கலாம்டி." காலையில் ஐந்தரைக்கு அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும்! ஒன்பது மணிக்கு இணையதளம் மூடிவிட்டது.

நாளை ஒரு நாள்தான் மீதி. ஏன்? மூன்று என்று ஒரு எண்ணைத் தட்ட அவளால் ஏன் முடியவில்லை?

நவம்பர் 9, வெள்ளி

நேற்றிரவுக் காற்றில் கூரையிலிருந்த இணைய ஆன்டெனாத் தட்டு முற்றத்தில் வந்து விழுந்தது; வீட்டில் இணையம் இல்லை. கிழக்கு வயலில் சோளம் முழங்கால் உயரத்துக்குப் படுத்திருக்கிறது. மைலோ அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "படுத்ததையும் எடுத்துரலாம் ஜெனெல், மெதுவா ஓட்டணும், அவ்வளவுதான். ஆனா பனி விழுந்துட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. லாரிக்காரங்க கேக்குறாங்க, வரச் சொல்லட்டுமா வேண்டாமா?" அம்மா, "ஆறு மணிக்குச் சொல்றேன்" என்றாள்.

நாலே முக்காலுக்கு நகர நூலகம் போனோம். ஆறுக்கு மூடுவார்கள். நூலகர் ஆர்லிஸ் எங்களுக்கு மூலைக் கணினியைக் கொடுத்தார். அது மெதுவாக ஓடும். இரண்டு முறை பாதியில் நின்று, மூன்றாவது முறைதான் ஒழுங்காகப் போனது.

தேதிக் கேள்விக்கு வரும்போது ஐந்து முப்பத்தாறு. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தையே பார்த்தேன். முப்பத்தொன்பது. நாற்பத்திரண்டு. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"அம்மா, புதன்கிழமை அது தானா போகல. நான்தான் அமுக்கினேன். உன் பேர்ல சத்தியம் பண்ணினேன்."

திரும்பிப் பார்த்தாள். அறைவாளோ என்று நினைத்தேன், இதுவரை அறைந்ததே இல்லை என்றாலும்.

"பொய்ச் சத்தியமா?"

"ஆமா."

பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னாள், சின்னக் குரலில். "நான் இப்ப பண்ணப்போறதும் அதுதாண்டி."

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாம் தேதி ராத்திரி எனக்கும் அவருக்கும் சண்டை. ஒண்ணுமில்லாத விஷயம், ஒரு டயர் விஷயம். கொட்டகைக்குப் போனவர் திரும்பி வரல. கோபத்துல அங்கயே தூங்கட்டும்னு நான் போய்ப் படுத்துட்டேன். காலைல ஆறரைக்குத்தான் போனேன். தொட்டேன். அப்பவே சில்லுனு இருந்தார், கொரீன். விறைச்சுப் போயிருந்தார். அவர் போனது மூணாம் தேதி இல்ல. எப்ப கடைசியா பேசினீங்கன்னு டாக்டர் கேட்டார். காலைலன்னு சொல்லிட்டேன். வெக்கமா இருந்துச்சு. அவர் மூணுன்னு எழுதிட்டார்."

ஆர்லிஸ் வந்து, "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, நிதானமா பண்ணுங்க" என்றார்.

"எனக்கும் சண்டை சத்தம் கேட்டுச்சும்மா. நானும் போய்ப் பார்க்கல," என்றேன். அது உண்மை. இதற்கு முன் எங்கேயும் எழுதியதில்லை.

அம்மா என் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள். அவள் விரலில் சலவைத்தூள் வாசனை. பிறகு அவளை நிர்வாகியாகப் போட்ட கோர்ட்டுக் கடிதத்தை விசைப்பலகை மேல் வைத்து, அதில் அச்சாகியிருந்த இறந்த தேதியை எண் எண்ணாகப் பார்த்துத் தட்டினாள். உறுதிமொழியை உதடு அசைய முழுதாகப் படித்தாள். "'எனக்குத் தெரிந்தவரை'ன்னு போட்டிருக்கு," என்றாள்.

"ஆமாம்மா."

"திங்கக்கிழமை டாக்டரைப் போய்ப் பார்க்கறேன். அவர் மாத்தினா மாத்தட்டும்." அமுக்கினாள்.

ஐந்து ஐம்பத்தெட்டு. எண் வந்தது. இம்முறை மேலே 'சொத்து' என்றும், கீழே 'நிர்வாகி' என்றும் இருந்தது. ஆர்லிஸ் அச்சுக்குக் காசு வாங்கவில்லை.

கிடங்கில் பெவ் அலுவலகத்தைப் பூட்டாமல் காத்திருந்தாள். கணக்குத் திறந்ததும், "இப்ப உன் மைலோகிட்ட லாரி வரட்டும்னு சொல்லு, அந்தாளு என்னை நாலு தடவை கூப்பிட்டுட்டாரு. என் புருஷன்கூட அப்படிக் கூப்பிட்டதில்ல," என்றாள்.

நவம்பர் 10, சனி

ஒன்பது அறுவடை இயந்திரம், பதினாறு லாரி. காலை ஏழுக்கு ஆரம்பித்தார்கள். படுத்த சோளத்தை மைலோ நடை வேகத்தில், ஒரே பக்கமிருந்து எடுத்தார். கொட்டகையில் மேசை போட்டோம்: காரமான பீன்ஸ் கறி, அதோடு இலவங்கப்பட்டை போட்ட ரொட்டிச் சுருள், மூன்று வீட்டிலிருந்து வந்த கோலாச்சே என்ற பழம் வைத்த பன். அப்பா கடைசியாக உட்கார்ந்த நாற்காலி அங்கேயேதான் இருந்தது. யாரும் உட்காரவில்லை, யாரும் நகர்த்தவும் இல்லை.

முதல் எடைச் சீட்டு பத்து மணிக்கு வந்தது. 'காலஞ்சென்ற லைல் சிமானெக் சொத்து.' அம்மா அதைப் படித்துவிட்டு மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாள். மற்றவற்றை நான் வரிசையாக அடுக்கிப் பின் அடித்தேன்.

நாலரைக்குப் பனி தூற ஆரம்பித்தது. இருட்டும்போது கடைசி வரிசை. இயந்திரங்கள் விளக்கோடு ஒவ்வொன்றாக வரப்புக்கு வந்து நின்றன. அம்மா ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். மைலோவிடம் வந்தபோது கையை விடாமலே சொன்னாள்:

"மைலோ, லைல் போனது மூணாம் தேதி இல்லன்னு நினைக்கறேன். ரெண்டாம் தேதி ராத்திரியே. நான் போய்ப் பார்க்கல."

மைலோ முதல் முறையாகத் தொப்பியைக் கழற்றினார். தலையில் பனி விழுந்தது.

"விடிய விடிய கொட்டகைல லைட்டு எரிஞ்சுது ஜெனெல். என் சமையலறையிலேர்ந்து தெரியும். என்னடா இவன் இன்னும் தூங்கலையான்னு நினைச்சேன். செருப்புகூட மாட்டினேன். அப்புறம் குளிருதுன்னு கழட்டிட்டேன்."

அம்மா, "உள்ள வாங்க, கறி இன்னும் இருக்கு," என்றாள். மைலோ சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் இயந்திரத்தின் ஏணியில் ஏறினார். எஞ்சினை நிறுத்தினார். விளக்குகளை அணைத்தார்.