பனியில் ஒரு நீலக் கோடு

செய்ன் ஆற்றங்கரை, 1880 ஜனவரி

அன்புள்ள க்ளோதில்த்,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? எனக்கு இருமல் விட்டுவிட்டது. எங்கள் சரக்குப் படகு இன்னும் உறைந்த ஆற்றில்தான் நிற்கிறது. அதைத் தினமும் கரையிலிருந்து வரையும் ஓவியர், படத்தில் பனியின் குறுக்கே நீலக் கோடு இழுத்திருந்தார்.

“பனி வெள்ளைதானே ஐயா, குடிச்சிட்டு வந்தீங்களா?” என்று கூட்டாளி பாஸ்தியான் சீண்டினான்.

“மரநிழல்ப்பா. பனியில நிழல் நீலமாத்தான் விழும்,” என்றார் அவர்.

இன்று அவருடைய மூன்று நாள் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். கோடு ஒவ்வொன்றிலும் அகலமாகியிருந்தது. நிழல் அப்படி வளராது, அது விரிசல். பாஸ்தியான் சிரிக்கவில்லை.

கவலைப்படாதே. பனிக்கட்டி உடைந்தால் வெள்ளத்தோடு ஆற்றின் கீழே உங்கள் பக்கம்தான் வரும். இதைப் படித்ததும் பிள்ளைகளை மாடிக்கு மாற்று. தபால்காரர் அவசரப்படுத்துகிறார். நான் கேட்ட கம்பளிக் காலுறையை அனுப்பாதே. படகு எங்கே இருக்குமென்று தெரியவில்லை.

உன் அன்செல்ம்