நிலா இழுத்த கோடு

ஜூன் 3, செவ்வாய்

சென்னையிலிருந்து அருள்ராஜ் வந்து போனார். தெள்ளார்க்காரர், கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் பழைய கருவிகளைப் பழுதுபார்க்கிறவர். பட்டுப்புடவைக்கு டிசைன் வரையும் என்னிடம் கடலுக்கு என்ன வேலை? துறைமுகத்தில் ஒரு மாதம் தண்ணீர் ஏறி இறங்கியதை, மிதவையோடு சேர்த்த பேனா தாளில் வரைந்திருக்கிறது. தாள் பழசு, நான் டிரேசிங் தாளில் படியெடுக்க வேண்டும். "கோடு மட்டும் போதும்க்கா, எழுத்து வேணாம்." அந்தக் கோட்டின்மேல் அவருடைய பித்தளைக் கருவியின் முள்ளை ஓட்டினால், நிலா இழுத்தது எவ்வளவு, சூரியன் இழுத்தது எவ்வளவு என்று சக்கரங்கள் பிரித்துச் சொல்லுமாம். எப்படி?

ஜூன் 9

கண்ணாடி மேசை, அடியில் விளக்கு. நாளுக்கு இரண்டு மேடு, இரண்டு பள்ளம். நடுநடுவே மேடெல்லாம் சிறுத்துப்போகிறது. ஏன்? போனில் கேட்டேன். "அரை நிலாக்கா. சூரியன் ஒரு பக்கம், நிலா ஒரு பக்கம் இழுத்துகினு இருக்கும்." சாயங்காலம் மாடிக்குப் போய் நிலாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அதையும் புடவையில போடப் போறியா?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

ஜூன் 14

அனுப்பியாயிற்று. சரியாக இருந்தால் மீதிப் பதினொரு மாதத் தாள்களும் எனக்கே. வேண்டும். ரொம்ப வேண்டும்.

ஜூன் 24

அருள்ராஜ் குரலே சரியில்லை. "உயரம்லாம் துறைமுகத்துக் கணக்குப் புத்தகத்துல இருக்கறாப்பலயே வருதுக்கா. நேரந்தான் உதைக்குது. மெஷினு வேஸ்ட்டு, ஸ்டோர் ரூம்ல போடுன்றாங்க." அவருக்கு அது இரண்டு வருஷ உழைப்பு.

ஜூன் 26

கல்யாணப் புடவை ஒன்று. முந்தானையில் 'இனியா' என்று பெண்ணின் பெயர். தறியில் புடவையின் முகம், அதாவது நல்ல பக்கம், கீழே இருக்கும். அதனால் எழுத்தை இடவலம் மாற்றித்தான் வரைவேன். பாதியில் கை நின்றுவிட்டது.

அந்தத் தாள்? அதையும் கவிழ்த்துப் போட்டுத்தானே படியெடுத்தேன்... இருபது வருஷப் பழக்கம். எழுத்து வேண்டாம் என்றதால் தேதியைக்கூடப் பார்க்கவில்லை. மாதக் கடைசி முதலில் வந்திருக்கிறது. உயரம் மாறாது, நேரம் பின்னோக்கி ஓடும்.

சொல்லாவிட்டால் பழி கருவிமேல். சொன்னால் பதினொரு தாளும் போச்சு. இதுக்கப்புறம் யாரு என்னை நம்பித் தருவாங்க?

ஜூன் 27

தாளின் முகத்தைக் கவிழ்த்துப் படியெடுத்ததை அருள்ராஜிடம் சொல்லிவிட்டேன். "திருப்பிப் போட்டு ஓட்டிப் பாக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

ஜூலை 2

தகவல் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

பார்சல் வந்தது. நீளக் குழாய்க்குள் பதினொரு தாள்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் அருள்ராஜ் பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'அக்கா, இதுதான் முகம்.'