ரொட்டிக்காரம்மாவின் கல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், உங்கள் ஊரில் குளிர் தொடங்கிவிட்டதால் இப்போது மத்தியானமும் ஒரு தடவை கூடுதலாகக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தையும் நான் தைத்த இரண்டு தலையணை உறைகளையும் கொண்டு வந்திருப்பவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். உன் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் அவர் வீடாம். அவரைக் கூடத்தில் உட்கார வைத்து, சூடாகக் காபி கொடுத்துவிட்டு, நீ மட்டும் சமையலறையில் நின்று இதைக் கடைசி வரை படி. பாதியில் நிறுத்திவிட்டு அவரிடம் பேசப் போகாதே.

துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துச் சாவி, கப்பல்களுக்குக் கொடி காட்டும் கொடிமர வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்பாவிடம் இருப்பது உனக்குத் தெரியும். சாவி அவரிடம், பெருக்குவது நான். போன மழைக்குக் கடல் தண்ணீர் மதில் தாண்டி உள்ளே வந்துவிட்டது என்று துறைமுக அலுவலகத்தில் முடிவெடுத்து, கற்களை எல்லாம் கிளப்பி ஓரமாகச் சாய்த்து வைத்து, லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். திரும்பக் கற்களை நடும் வேலை நம் கொத்தனார் மட்டக்கோலுக்கு வந்தது. எதை நட்டாலும் நாலு தரம் மட்டம் பார்ப்பார், அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். எந்தக் கல் எந்த இடத்தில் என்று அவர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். "ஐயா, எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது, உசரம் தெரியும்" என்றாராம். அப்பாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. முப்பது வருஷம் கொடிமரத்தின் மேல் கொடிகளை ஒழுங்குபடுத்தியவர் இல்லையா, எது செய்தாலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுங்காகத் தெரிய வேண்டும் அவருக்கு. நெட்டைக் கல் எல்லாம் வாசல் பக்கம், குட்டைக் கல் எல்லாம் பின்னால், பள்ளிக்கூடத்தில் உயரம் பார்த்து வரிசையில் நிறுத்தியது போல நிறுத்திவிட்டார்கள். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல், நான் போய்ப் பார்த்தபோது சிமெண்டு காய்ந்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்கள் எல்லாம் பழைய இடத்தில்தான் படுத்திருக்கிறார்கள், பெயர்கள் மட்டும் மாறிவிட்டன. நான் அப்பாவிடம் சொன்னேன், "பாதி" என்றார்.

மாப்பிள்ளைக்கு இது புரியாது, நீ எடுத்துச் சொல். கப்பலிலிருந்து கொடி காட்டிச் செய்தி வந்தால், பார்த்துவிட்டேன் என்பதற்கு இங்கே பதில் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு ஏற்றுவார்கள், புரிந்தது என்றால்தான் உச்சிக்குப் போகும். நம் வீட்டில் மளிகை வாங்கச் சொன்னாலும் மருந்து குடிக்கச் சொன்னாலும் அப்பாவிடமிருந்து முதலில் வருவது பாதிதான். இந்த விஷயம் பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்த அம்மாள் யார் என்று சொல்லவில்லையே. நம் தெருமுனையில் இப்போது போன் உறை விற்கிற கடை இருக்கிறதே, வெள்ளைக்காரன் காலத்தில் அதுதான் கப்பல்களுக்கு ரொட்டி சுடும் இடம். புருஷன் ஒரு கப்பலில் ஏறிப்போய் வேறு ஊரில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்ட பிறகு, அடுப்பைத் தனியாக நடத்திய வெள்ளைக்காரப் பெண்தான் ரொட்டிக்காரம்மா. அவர் சுடுகிற ரொட்டி கல் மாதிரி இருக்கும், அதனால்தான் அது கடலைத் தாண்டியது என்று கயிற்றுக்கடைத் தாத்தா சொல்வார். பக்கத்து வீடு சுங்கத் துரை, இப்போது லாரி அலுவலகம். ரொட்டிக்காரம்மா கூரைத் தண்ணீர் தன் முற்றத்தில் விழுகிறது என்று துரை வழக்குப் போட்டு, தீர்ப்பு வருவதற்குள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் இன்னும் இருக்கிறது, போன மாதம்கூட போன் கடைக்காரரும் லாரிக்காரரும் அதே தண்ணீருக்காகக் கையை ஓங்கிக்கொண்டார்கள், நானும் தெருவில் நின்று பார்த்தேன். ரொட்டிக்காரம்மாவுக்கு ஒரே பையன். எட்டு வயதில் படிக்க வேண்டும் என்று சொந்த நாட்டுக்குக் கப்பலேற்றினார்கள். சொந்த நாடு என்று பெயர்தான், பையன் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அம்மாவும் பிள்ளையும் கடிதத்தோடு சரி. அந்தப் பையனின் மகள்தான் உன் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர். அவருடைய அப்பா சாகும்போது என்னை என் அம்மா பக்கத்தில் வைத்துவிடு என்றாராம், அதற்காகச் சாம்பலை ஒரு ஜாடியில் எடுத்துக்கொண்டு இத்தனை தூரம் வந்திருக்கிறார். எட்டு வயதில் போன பிள்ளை இப்போதுதான் திரும்பியிருக்கிறது. அதைப் பார்க்கும்போது உன் லீவு கிடைப்பதில் உள்ள தாமதம் பரவாயில்லை என்று தோன்றியது.

ரொட்டிக்காரம்மாவின் குட்டைக் கல் முன்பு வாசல் பக்கக் குழாயடியில் இருந்தது. நான் துணி அலசும்போது அதன் மேல்தான் வாளியை வைப்பேன், ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். சுங்கத் துரையின் நெட்டைக் கல் பின் மதில் ஓரம், அதில் துணி காயப்போடக் கொடிக்கயிறு கட்டியிருந்தேன். அவரிடமும் கேட்டுத்தான் கட்டினேன், ஆனால் அவரிடம் கேட்கும்போது கொஞ்சம் தயக்கமாக இருக்கும். இப்போது குழாயடியில் யாரோ ஒரு கப்பல் கேப்டன் பெயரில் ஒரு கல் உயரமாக நிற்கிறது, ரொட்டிக்காரம்மா பெயர் போட்ட கல் துரையின் மேல் நிற்கிறது. அந்த அம்மாள் வந்ததும் நேரே பெயரைப் பார்த்து அந்தக் கல்லின் முன்னால் மண்டியிட்டுவிட்டார். பெற்றவளிடம் வந்த பிள்ளையை, பெற்றவளைக் கோர்ட்டுக்கு இழுத்த மனுஷனிடம் கொடுப்பதா? அவர்கள் பாஷை அப்பாவுக்குத்தான் தெரியும். அவரைத் தோளில் தொட்டு, "என்னங்க, கல்லு மாறியிருக்குன்னு சொல்லுங்க, அவங்க பாட்டி குழாயடியிலன்னு சொல்லுங்க" என்றேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு நிறையப் பேசினார். அந்த அம்மாள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். பிறகு திரும்பிப் போய் அதே இடத்தில் குழி தோண்டச் சொல்லி ஜாடியை இறக்கிவிட்டார். பெயர் இருக்கும் இடம் போதும் என்று நினைக்கிறார், எவ்வளவு பெரிய மனசு என்று நான் வழியெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டில் கை வைத்த பிறகுதான் அந்த அம்மாளிடம் என்ன சொன்னீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். சோற்றைப் பார்த்துக்கொண்டே, "நீ தினமும் அவங்க பாட்டிக்காகச் சாமி கும்பிடுறேன்னு சொன்னேன். பொய்யா?" என்றார். பொய் இல்லை. பெருக்குகிற இடத்தில் இருக்கிறவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொள்கிறேன், பாஷை கடவுளுக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் வீட்டுக் கணக்கில் ஒரு வரி ஒட்டாவிட்டாலே எனக்குச் சோறு இறங்காது, இது ஒரு மனுஷன் கடைசியாகக் கேட்டது. அப்பாவையும் ரொம்பக் குற்றம் சொல்லாதே. விஷயம் வெளியே போனால் அலுவலகத்தில் எல்லாக் குழியையும் தோண்டிப் பார்க்கச் சொல்வார்கள், முப்பது வருஷப் பெயர் போய்விடும் என்று பயந்திருக்கிறார். அன்றிலிருந்து அவரும் சரியாகச் சாப்பிடுவதில்லை, மாலையில் போய்க் கல்லறை வாசலில் நின்றுவிட்டு வருகிறார், உள்ளே போவதில்லை.

இங்கேயே வேறு யாரையாவது வைத்துச் சொல்லலாம் என்றால், அந்தப் பாஷை தெரிந்த இன்னொருவன் விடுதியில் இருக்கும் சுற்றுலா வழிகாட்டி. அந்தப் பிள்ளை மணிக்கூண்டைக் கவர்னர் தன் மனைவியின் நினைவாகக் கட்டினார் என்று சொல்லிக் கூட்டத்தை அழ வைக்கிறான். அது கூலியாட்கள் தாமதமாக வந்தால் சம்பளத்தைப் பிடிப்பதற்காகக் கட்டியது என்று இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவனிடம் சொன்னால் நாளைக்கே நம் கல்லறைக்கும் ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். போனில் உன்னிடம் சொல்லலாம் என்றால் போன் அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில். அந்த அம்மாள் நாளைக்குக் கிளம்புகிறார். அதனால்தான் அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

நீ அவரிடம் சொல்ல வேண்டும். கல் இருக்கும் இடத்தில் பாட்டி இல்லை, குழாயடியில் இருக்கிறார், அவருடைய அப்பா இப்போது பக்கத்து வீட்டுத் துரையோடு இருக்கிறார் என்று உள்ளது உள்ளபடி சொல். துணி காயப்போட்டதையும் சொல்லிவிடு, அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வது சரியில்லை. ஜாடியை எடுத்துக் குழாயடியில் வைப்பதா, இருக்கிற இடத்திலேயே விடுவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், அதுவரை நான் மண்ணில் கை வைக்க மாட்டேன். மட்டக்கோலிடம் கேட்டுவிட்டேன். "ஒரு காலை வேலைம்மா, கோணாம வெச்சுத் தரேன்" என்கிறார். அந்த அம்மாள் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும், நடுவில் சமாதானம் சொல்லாதே. அழுதால் பக்கத்தில் உட்கார். கிளம்பும்போது அந்தத் தலையணை உறையில் ஒன்றை அவருக்குக் கொடு, பூப்போட்டது உனக்கு.

இதுவரை எழுதியதை அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்ப மனசு வராமல் இப்போதுதான் அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாக் கல்லையும் பழையபடி வைப்பதென்றால் மட்டக்கோலுக்கு ஒரு மாசம் ஆகும் என்று ஜன்னலிடம் சொன்னார். பிறகு என்னிடம், உறை ரெண்டையும் மேலே வைத்துக் கடிதத்தை அடியில் வை என்றார். நான் கடிதத்தை மேலேதான் வைத்திருக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும், ஆண்டவன் கூடவே இருக்கட்டும். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. அந்த அம்மாள் என்ன சொன்னாலும், சொல்லிவிட்டு அவர் கிளம்பியதும் எனக்குப் போன் செய்யாதே, அப்பாவுக்குச் செய். விளக்கமெல்லாம் வேண்டாம், கொடி உச்சிக்குப் போய்விட்டது என்று மட்டும் சொல், அவர் சாப்பிட உட்காருவார்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

பார்த்தேன். கொடி பாதியில் நிற்கிறது.
அப்பா