ரப்பர் பேண்டு போட்ட கைப்பேசி

பிப்ரவரி 3

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. விடுதியில் எண்பத்திரண்டு மாணவியரும், சமையலறையில் மூவரும், காப்பாளராகிய நானும் உடல்நலத்தோடு இருக்கிறோம். கப்பல் வேலையில் இருக்கும் என் மகன் சென்ற வாரம் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அழைத்து இரண்டு நிமிடம் பேசினான். மூன்றாவது நிமிடமும் பேசியிருப்பான். என் கைப்பேசி அணைந்துவிட்டது.

இக்கடிதத்தின் நோக்கமே அந்தக் கைப்பேசிதான். ஆறாண்டுகள் உழைத்துவிட்டது. காலையில் முழுமையாக மின்னேற்றினாலும் மதிய உணவு மணி அடிப்பதற்குள் உயிரை விட்டுவிடுகிறது. எதைத் தொட்டாலும் ‘இடம் இல்லை’ என்கிறது. பின்மூடி ஒரு பக்கம் உப்பித் திறந்துகொண்டதால் இரண்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன். புதியது வாங்கத் தீர்மானித்துவிட்டேன். மிக உயர்ந்த விலையிலும் வேண்டாம், மட்டமானதும் வேண்டாம், நடுவாக ஒன்று. கைப்பேசிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட மருமகளைக் கேளாமல் வாங்குவது முறையாகாது.

கடைத்தெருவுக்கு ஒருமுறை போய் வந்தேன். விற்பனையாளர் என்னைப் பேசவே விடவில்லை.

“அம்மா, இதுல நாலு கேமரா இருக்கு பாருங்க.”

“எனக்கு இருக்கிறது ரெண்டு கண்ணுதானேப்பா.”

“செல்ஃபி சூப்பரா வரும்மா.”

“என் முகம் எனக்குத் தெரியும். இதுல எவ்வளவு இடம் இருக்கு, அதைச் சொல்லு.”

“கலர் மூணு இருக்கும்மா.”

மூன்று பெட்டிகளின் விவரத் தாள்களை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இத்துடன் இணைத்துள்ளேன். விடுதிப் பெண்களைக் கேட்கலாமே என்று நீ நினைப்பாய். தினமும் மாலை ஆறு மணிக்கு அவர்களுடைய கைப்பேசிகளை வாங்கிப் பூட்டி வைப்பவள் நான். அவர்களிடமே போய் “இது எப்படி?” என்று நிற்பது என் பதவிக்கு அழகன்று.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். முன்பெல்லாம் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு படம் அனுப்புவாய். எட்டு மாதங்களாக ஒன்றுகூட இல்லை. நான் பத்து வரி எழுதினாலும் “சரி அத்தை” என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கிறாய். புதிய கைப்பேசி வாங்குவதே உன் படங்கள் மீண்டும் வரவேண்டும் என்பதற்காகத்தான். என்மீது ஏதேனும் மனக்குறையா?

என்றும் உன் நலம் நாடும்
அத்தை

—

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

முதலில் ரப்பர் பேண்டு. உப்பியிருப்பது மூடி இல்லை, உள்ளே இருக்கும் பேட்டரி. இந்த வரியைப் படித்ததும் போனை அணைத்துவிடுங்கள். ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். மூடியை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். சார்ஜ் போடவே கூடாது. பக்கத்தில் துணி, காகிதம் இல்லாத இடமாகப் பார்த்து வெறும் தரையில் வையுங்கள். அருகில் உள்ள ரிப்பேர் கடையில் கொடுத்து பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். நீங்களே நெம்பாதீர்கள்.

அடுத்தது புதிய போன். நாலு கேமராவில் இரண்டு சும்மா பேருக்கு. ஓரம் வளைந்த திரை உள்ளது பார்க்க அழகு. ஒருமுறை விழுந்தால் திரை மாற்றும் செலவில் பாதிப் போன் வாங்கிவிடலாம். நீங்கள் அனுப்பிய தாள்களில் இரண்டாவதை வாங்குங்கள். பளபளப்பு கிடையாது. ஆனால் இடம் உங்கள் பழையதைப்போல எட்டு மடங்கு. பேட்டரி ஒரு நாள் தாராளமாக வரும். கம்பெனி ஐந்து வருடம் அப்டேட் தருவதாகத் தாளிலேயே எழுதியிருக்கிறது. வாங்கும்போது உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேளுங்கள். பெட்டியில் சார்ஜர் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.

பேட்டரி கழற்றிய பழைய போனை எனக்கு அனுப்பினால், உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துப் புதியதில் ஏற்றும்படி செய்து தருகிறேன்.

படங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அனுப்பத் தோன்றிய காலத்தில் அனுப்பினேன். இப்போது தோன்றவில்லை. குறை என்று ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மருமகள்

—

பிப்ரவரி 15

அன்புள்ள மருமகளுக்கு,

இரண்டாவது தாள் என்ற உன் தீர்ப்பை அப்படியே ஏற்கிறேன். இவ்வளவு தெளிவாக எடுத்துரைக்க எந்தக் கடைக்காரரால் முடியும்? மிக்க நன்றி.

கைப்பேசியை அணைத்தேன். ஆனால் கப்பலிலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று மறுநாளே மீண்டும் இயக்கிவிட்டேன். ரப்பர் பேண்டுக்கு நீ இவ்வளவு அஞ்சுவது சற்று மிகை என்றே எனக்குப் படுகிறது. ஆறாண்டுகள் என்னோடு இருந்தது என்னை என்ன செய்துவிடும்?

பழையதை உனக்கு அனுப்பும் எண்ணம் இல்லை. அதனுள் பார்க்கத் தகுந்தது எதுவும் கிடையாது. அது அப்படியே போகட்டும். இதைப்பற்றி மேலும் வற்புறுத்தாதே.

உரிமையோடு ஒரு சொல். உன் கையெழுத்து ஏன் இப்படிச் சாய்ந்து, சிதறிக் கிடக்கிறது? பேருந்தில் அமர்ந்து எழுதினாயா? திருமணமான புதிதில் நீ எழுதிய கடிதங்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று நான் பெருமை பேசியதுண்டு. எழுத்தில் அவசரம் காட்டினால், படிப்பவர்மீது அக்கறை இல்லை என்று பொருளாகும். விடுதிப் பெண்களுக்கு நான் அன்றாடம் சொல்வதுதான்.

உன் நலம் நாடும்
அத்தை

—

பிப்ரவரி 20

அத்தைக்கு,

பேருந்தில் எழுதவில்லை. மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினேன். அந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

ஜூன் பதினொன்றாம் தேதி கடைக்கு ஒரு போன் வந்தது. மூடி உப்பியதால் டேப் சுற்றி இறுக்கி வைத்திருந்தார்கள். பல நாள் இறுக்கியதில் உள்ளே பேட்டரி நசுங்கியிருந்தது. நான் டேப்பைப் பிரித்ததும் என் கையிலேயே தீப்பிடித்தது. வலது கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் வெந்துவிட்டன.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கப்பலில் இருப்பவரைக் கூப்பிட்டால் அவர் கடலில் என்ன செய்வார்? எனக்கு அம்மாவும் இல்லை. இடது கையால் எழுத்து தட்ட வரவில்லை. கட்டுப்போட்ட கையைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். உங்களுக்கு மட்டும்தான். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன்:

‘வெண்மை கண்ணைப் பறிக்கிறது. உன் கைத்திறன் போற்றுதற்குரியது. மனமார்ந்த பாராட்டுகள்.’

அவரிடம் சிறு காயம் என்று சொன்னேன், உங்களிடம் நானே சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். பொய் இல்லையே. சொல்லிவிட்டேனே.

எட்டு மாதமாக இதற்கு ஒரு அர்த்தம் தேடுகிறேன். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று நீங்கள் ஒருகாலத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. அதைத்தான் இப்படிக் குத்திக் காட்டினீர்கள் என்று முடிவு செய்துகொண்டேன். இப்போது நான் பழுது பார்ப்பதில்லை. முன்னால் நின்று ரசீது போடுகிறேன். திருகு பிடிக்கும் அளவுக்கு விரல் மடங்கவில்லை. பேனாவை இரண்டு விரலுக்கு நடுவில் செருகித்தான் எழுதுகிறேன்.

என்மேல் என்ன நினைத்தாலும் சரி. அந்தப் போனை இனி ஒருமுறைகூட சார்ஜில் போடாதீர்கள். உங்கள் கை எனக்கு வேண்டும்.

மருமகள்

—

பிப்ரவரி 24

என் கண்ணே,

உன் கடிதத்தைக் காப்பாளர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். படித்து முடித்த கையோடு கைப்பேசியைத் தோசைக் கரண்டியின்மேல் ஏந்திக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

“இதையா இத்தனை நாளாப் பக்கத்துல வெச்சிருந்தீங்க?”

“தலைமாட்டுல.”

“உங்களுக்குச் சொல்ல வீட்டுல ஆளே இல்லையாம்மா?”

“இருக்கா. சொன்னா. நான்தான் கேக்கல.”

பேட்டரியை வெளியே எடுத்துக் காட்டினார். சுட்ட அப்பளம்போல் இருந்தது. தொடக்கூடாது என்று மணல் நிரம்பிய வாளியில் போட்டார். அதே பொருள்தான் உன் கையில் எரிந்தது என்று அவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. உன் படத்தை நான் பார்க்கவில்லை. அதை மட்டுமன்று, அதற்கு முந்தைய ஓராண்டாக நீ அனுப்பிய எதையும் பார்க்கவில்லை. ‘இடம் இல்லை’ என்று சொல்லி, ஒவ்வொன்றையும் மங்கலான ஒரு சதுரமாக நிறுத்திவிடும். சன்னலுக்கு வெள்ளைத் திரை தைப்பதாக நீ முன்பு எழுதியிருந்தாய். அன்று வந்த சதுரம் வெள்ளையாக இருந்தது. திரைதான் என்று நானே முடிவு செய்து பாராட்டினேன்.

திறக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். இதே விடுதிக்கு நான் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தபோது எனக்கு வயது இருபத்தாறு, எழுத்து தெரியாது. அறிவிப்புப் பலகையின்முன் துடைப்பத்தோடு நின்று, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிப் படிக்கக் கற்றேன். அந்நாட்களில் ஒரு நாளைக்குப் பத்து முறை “தெரியாதுங்க” என்று சொல்லியிருப்பேன். காப்பாளர் நாற்காலியில் அமர்ந்த அன்று, அச்சொல்லை இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த வீம்புக்கு விலை கொடுத்தது நீ. பழையதை அனுப்ப மறுத்ததும் இதனால்தான்; திறந்த மறுகணம் உனக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று பயந்தேன்.

உன் தொழிலைப் பற்றி அன்று சொன்னதும் உண்மை. அது என் அறியாமை.

கையெழுத்தைப் பற்றி எழுதியதை நினைத்தால் என் பேனாவையே உடைக்கத் தோன்றுகிறது.

பேட்டரி இல்லாத கைப்பேசியை இன்று கூரியரில் அனுப்பியுள்ளேன். உள்ளே என்ன இருந்தாலும் பார். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அவ்வளவு மனவலியிலும் என் உயிரைக் காத்தாய். அதற்கு நன்றி சொல்லும் உரிமையை மட்டும் கொடு.

அத்தை

—

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

போன் பத்திரமாக வந்தது. கடையில் பேட்டரி இல்லாமலே மின்சாரம் கொடுத்து எழுப்ப ஒரு கருவி இருக்கிறது. அதில் மாட்டினேன். நான் ஒரு பழுதுபார்க்கும் மேஜையில் உட்கார்ந்து எட்டு மாதம் ஆகிறது என்பது உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இடம் ஏன் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ‘இனிய காலை வணக்கம்’ படங்கள் நாலாயிரத்து முந்நூறு! ரோஜா, சூரியன், கோப்பையில் ஆவி, மறுபடியும் ரோஜா. விடுதிக் குழுவில் வந்ததை ஒன்றுகூட நீக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

என் படங்கள் அறுபத்தொன்று. ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் பாராட்டு. எங்கள் சமையலறைக் கூரை ஒழுகியதைப் படம் எடுத்து அனுப்பினேன். நீங்கள் ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று எழுதியிருக்கிறீர்கள். கருகிய சர்க்யூட் போர்டுக்கு ‘இயற்கையின் எழிலே எழில்’. நான் சிரித்த சிரிப்பில் முதலாளி உள்ளே வந்துவிட்டார்.

“என்னம்மா, கஸ்டமர் போனைப் பாத்து சிரிக்கிற?”

“கஸ்டமர் இல்ல சார். எங்க அத்தை.”

“அதான் தைரியமா சிரிக்கிற.”

அப்புறம் அழுதேன். கூரைக்கு நீங்கள் அப்படி எழுதியபோதே “அத்தை, படம் தெரிந்ததா?” என்று நான் கேட்டிருக்கலாம். பெரியவர் ஏதோ கேலி செய்கிறார் என்று விட்டுவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு மாதம் போய்விட்டது. எனக்கு இப்போது கோபம் இல்லை. உங்களுக்கு நான் வேண்டாதவள் இல்லை என்று தெரிந்ததே போதும்.

முதலாளி உங்கள் போனின் பின்பக்கத் திருகுகளை என்னையே போடச் சொன்னார். ஆறு திருகு. நாற்பது நிமிடம். போட்டுவிட்டேன்.

காலை வணக்கங்களை நீக்கட்டுமா? புதிய போன் வாங்கிவிட்டீர்களா? வாங்கியிருந்தால் இப்போது கை எப்படி இருக்கிறது என்று ஒரு படம் அனுப்பட்டுமா? இந்த முறை கட்டாயம் திறக்கும்.

உங்கள் மருமகள்

—

மார்ச் 9

என் அன்பு மருமகளுக்கு,

நீ சொன்ன இரண்டாவதையே வாங்கினேன். உன் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வரிசையாகக் கேட்டேன். “அம்மா, நீங்க இந்த லைன்லயா இருக்கீங்க?” என்றார் விற்பனையாளர். “என் மருமக இருக்கா” என்றேன்.

மாலை ஆறு மணிக்கு, மாணவியர் கைப்பேசிகளை ஒப்படைக்க வந்தபோது, என்னுடையதை மேஜைமேல் வைத்து, “எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, யாராவது சொல்லிக்குடுங்கடி” என்றேன். எண்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சொல்லித் தருவதற்குக் கூலியாக அரைமணி நேரம் தாமதமாகக் கைப்பேசி ஒப்படைக்கும் சலுகையையும் பெற்றுக்கொண்டார்கள். கெட்டிக்காரிகள்.

வணக்கங்களைத் தாராளமாக நீக்கு. பிறர் வாழ்த்தை அழிப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன். உன்னை அறுபத்தொரு முறை பாராமல் இருந்ததைவிடவா அது மரியாதைக் குறைவு?

காப்பாளரான இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக விடுப்புக்கு விண்ணப்பித்துள்ளேன். பதினைந்து நாள். சமையலும் வீட்டுவேலையும் என் பொறுப்பு. நீ கடையில் திருகு போடு. நாற்பது நிமிடம் முப்பதாகட்டும், அவசரமில்லை. இத்தனைக்கும் பிறகு என்னை “அன்புள்ள அத்தை” என்று எழுதினாயே, அந்த நன்றியை எழுத்தில் அடக்க நான் கற்ற தமிழ் போதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிப் பேருந்தில் புறப்படுகிறேன். அதுவரை கையின் படத்தை அனுப்பாதே. நேரில் வந்து பார்க்கிறேன்.

உன் அத்தை